பங்களா கேமுக்குத் துணை

அக்கா, அந்த சன்னல் சீட்டை எனக்குத் தாரியளா? ரொம்ப நேரத்துக்கு இல்ல, வல்லநாட்டுப் பாலம் வார வரைக்கும்தான். பாலம் தாண்டினதும் திரும்ப நீங்களே உக்காந்துக்கிடுங்க. ஆத்துல ஒரு பொருளப் போடணும்.

அய்யய்யோ, அஸ்தி எல்லாம் இல்லக்கா. நல்லாக் கேட்டிய போங்க! எல்லாரும் குத்துக்கல்லு மாதிரி நல்லாத்தான் இருக்காவ. அந்த முருங்கைக்காயக் குடுங்க, என் மடியில வச்சுக்கிடுதேன், ஒடிஞ்சிரப் போகுது. இந்தா, போடப்போற பொருளு இதுதான். தீப்பெட்டி அளவுகூட இல்ல, பாத்தியளா? டிவியில மாட்டி வெளையாடுத மிஷின் இருக்குல்லா, அதுல சொருகுத கார்டு. எந்த இடம் வரைக்கும் வெளையாடியிருக்கோம்னு இதுதான் ஞாபகம் வச்சிருக்கும். இது ஆத்தோட போச்சுன்னா அம்புட்டும் போச்சு. போகட்டும்.

பிள்ளையா? பிள்ளை வெளையாடினா நான் ஏங்க்கா இப்படி பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போறேன்? எம்பொண்ணு அது உண்டு, அது படிப்பு உண்டுன்னு இருக்கா. வெளையாடுதது எங்க வீட்டுக்காரவிய. திரவியராஜ்னு பேரு. தூத்துக்குடியில ஷிப்பிங் ஆபீஸ்ல வேலை. நாப்பது தாண்டி, மீசையில நரை விழுந்தாச்சு. அதுல பாருங்க, பேய் கேம்.

போன தீபாவளி கழிஞ்சு ஒரு பார்சல் வந்திச்சு. மிக்ஸிதான் வாங்கியிருக்காவன்னு நான் ஆசையாப் பிரிச்சா, சாம்பக் கலருல ஒரு பழைய மிஷின். யாரோ வெளையாடிக் கழிச்சது. இவிய அதைத் தொட்டுத் தொட்டுப் பாக்காவ. கண்ணுல தண்ணி நிக்கி. எங்க கல்யாணத்தன்னைக்குக்கூட அப்படி நிக்கலக்கா.

என்ன கதைன்னா, இவிய பள்ளிக்கூடம் படிச்சப்ப பக்கத்துத் தெருவுல ஒரு கேம் சென்டர் இருந்திச்சாம். மணிக்கணக்குக்குக் காசு. அங்கன ஒரு பேய் கேம், எங்கிருந்தோ காப்பி அடிச்சு வந்த சிடி, அம்புட்டும் ஜப்பான் எழுத்து. ஒரு மண்ணும் புரியாது. கேம் பேரே தெரியாததால பங்களா கேம்னு இவங்களா பேரு வச்சிக்கிட்டாங்களாம். பெரிய பாழடஞ்ச பங்களா. உள்ள ஒரு பொண்ணு மாட்டிக்கிட்டா. மஞ்சக் கோட்டு போட்டிருப்பா, அதனால அவளுக்குப் பேரு மஞ்சக்கா. அவளை வெளிய கூட்டிட்டு வரணும், அவ்வளவுதான் கேம். உள்ள செத்தும் சாகாததுக நெறைய அலையும். அதுல ஒருத்தன், முழங்காலு வரைக்கும் கை தொங்கும், காலை இழுத்து இழுத்து வருவான். அவனைக் கண்டா எல்லாத்துக்கும் குலை நடுக்கம். அவனுக்கு இவிய கணக்கு வாத்தியார் பேரு, கோயில்பிச்சை சார்.

அந்தக் கேமை யாரும் ஒத்தையில வெளையாட மாட்டாங்களாம். அது அந்தக் கடையில ஒரு பழக்கம். ஒருத்தர் ரிமோட்டைப் பிடிக்கணும், இன்னொருத்தர் துணைக்கு உக்காரணும். "பின்னால வாரான், வலது பக்கம் திரும்பு, அந்தக் கதவத் தொறக்காத"ன்னு துணைக்கு இருக்கவங்க சொல்லணும். இப்பவும் இவிய தனியா வெளையாட மாட்டாவ. "கனி, வந்து சும்மா உக்காரு, துணைக்கு"ன்னு கூப்பிட்டாவ. நான் அடுக்களையில கெடந்த முக்காலியைத் தூக்கிட்டு வந்து பக்கத்துல போட்டு உக்காந்தேன். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து காப்பி குடிச்சதும் இதுதான் எங்களுக்கு வேலை.

எனக்கு என்ன ஆச்சுன்னா, சிரிப்பு வந்திட்டு. நீங்களே சொல்லுங்க, இப்ப செல்போன்ல சின்னப் பிள்ளைக வெளையாடுததுலகூட ஆளு ஆளு மாதிரி இருக்கு. இதுல மஞ்சக்காவுக்கு மூஞ்சி அட்டைப்பெட்டி. விரலே கெடையாது, தோசைக் கரண்டிதான். நேரா நடக்கச் சொன்னா செவுத்துல போய் முட்டிக்கிட்டு ஓடிட்டே இருக்கா. திருப்பணும்னா நின்ன இடத்துலயே லாரிய ஒடிக்க மாதிரி ஒடிக்கணும். அதுக்குள்ள பேய் வந்து கடிச்சிட்டுப் போயிருது. ஒவ்வொரு கதவும் மெல்ல, கிரீச்சுன்னு, அதுபாட்டுக்குத் தொறக்கும். நான் "இதுக்குள்ள ரெண்டு வெங்காயம் உரிச்சிரலாமே"ன்னு சொன்னேன். ஒரு பேய் விழுந்து எந்திரிச்சப்ப எங்க பெரியப்பா வேட்டிய இறுக்கிக் கட்டுத மாதிரியே இருந்திச்சு. விழுந்து விழுந்து சிரிச்சேன்.

அவிய மூஞ்சி சுருங்கிட்டு. "பேய் கேமுக்குச் சிரிச்சா எப்படிட்டி? பயப்படத்தான் துணை"ன்னாவ.

இன்னொன்னு கேளுங்க. குக்கர் விசில் அடிச்சா நான் எந்திரிச்சுப் போகணும்லா? நான் எந்திரிச்சா போதும், டக்குன்னு கேமை நிப்பாட்டிருவாவ. நான் சாதம் வடிச்சு, ரசம் தாளிச்சு வார வரைக்கும் அப்படியே ரிமோட்டை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாவ. ஒரு துரும்பை எடுத்துப் போட மாட்டாவ. அவ்வளவு சோம்பேறி.

நான் வாய வச்சிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "ஒங்க கூடப் படிச்சவங்க ஸ்கூல் குரூப்ல இருப்பாங்கல்லா, அவங்ககிட்ட பேசுங்க, அவங்களுக்குத்தான் இந்தக் கூத்தெல்லாம் புரியும்"னு நாந்தான் சொன்னேன். என் தலையில நானே மண்ண அள்ளிப் போட்டேன்.

வந்தாக்கா ஒருத்தி. ஜெனோவா.

கேம் சென்டர்காரர் மவ. அப்பா கடைங்கிறதால காசு இல்லாம வெளையாடுவாளாம். இவியளுக்கு எப்பவும் துணைக்கு உக்காந்தது அவதானாம். கல்யாணமாகி ரெண்டு பையங்க, இப்ப மஸ்கட்ல ஏதோ பள்ளிக்கூடத்துல வேலை. பங்களா கேம்னு சொன்னதும் போன்ல ஒரு அலறல். "ஏல திரவி! கோயில்பிச்சை சார் இன்னும் இருக்காராலே?"ன்னு கேக்கா. இவிய சிரிக்காவ. எங்கிட்ட பதினஞ்சு வருசமா சிரிக்காத ஒரு சிரிப்பு.

பொறவு அவ அம்மா வீட்டுப் பரண்ல தேடச் சொல்லி, அந்தக் காலத்துக் கார்டை இவியளுக்கு அனுப்பி வச்சா. இந்தா என் கையில இருக்கது அதுதான். கடைசிக் கதவு வரைக்கும் ரெண்டு பேரும் போயிருக்காங்க, அதுக்குள்ள அவங்கப்பா கடைய மூடிட்டாரு. முடிக்கவே இல்லையாம். இப்ப சேந்து முடிக்கப் போறாங்களாம். முதல்ல இருந்து ஒருக்கா வெளையாடி, அந்தக் கதவைத் தொறக்கணுமாம். வேண்டுதல் மாதிரி.

அன்னையில இருந்து தெனமும் வீடியோ கால். போனை எங்க வச்சாவ தெரியுமா? என் முக்காலில. என் முக்காலில ஒரு ஸ்டாண்டைப் போட்டு, அதுல போனை நிறுத்தி, டிவியப் பாத்துத் திருப்பி வச்சாவ. நான் எங்கன உக்கார? கட்டில் ஓரத்துல. ஒட்டகத்துக்கு இடம் குடுத்த கதைதான்.

அவ கத்துதாக்கா. "லேய், பின்னால! பின்னாலலே! ஓடு ஓடு ஓடு!" கைய வச்சு மூஞ்சிய மூடிக்கிட்டு விரலு சந்து வழியாப் பாக்கா. நடிப்பு. ரெண்டு புள்ள பெத்தவ ஒரு அட்டைப்பெட்டி மூஞ்சியப் பாத்து அப்படிப் பயப்படுவாளா? ஆனா அவ கத்தக் கத்த இவியளுக்கு ஒரே குஷி. என்னைப் பாத்தா மட்டும் "மைனி, சாப்டாச்சா? மைனி, என்ன கொழம்பு?" மைனியாம் மைனி! இவிய என்ன அவளுக்கு அண்ணனா? யாரு யாருக்கு மைனி?

பொறாமைன்னு நெனச்சிராதீங்க. எனக்கு அந்த மாதிரிக் கொணமே கெடையாது. ஆனா வயிறு எரிஞ்சிச்சுக்கா. உள்ளபடியே எரிஞ்சிச்சு. மோரு மோராக் குடிச்சேன்.

ஒருநா மனசத் தேத்திக்கிட்டு, சரி, நாமளும் பயந்து காட்டுவோம்னு முடிவு பண்ணினேன். பகல்ல வீட்டுல யாரும் இல்லாதப்ப கத்திப் பாத்தேன். எதுத்த வீட்டு ரூபாவதி ஓடி வந்து "பாம்பா?"ன்னு கேட்டா. சாயங்காலம் கட்டில்ல உக்காந்து நேரம் பாத்துக்கிட்டே இருந்தேன். மஞ்சக்கா ஒரு அலமாரியத் தொறந்தா. இதுதான் நேரம்னு "ஆத்தாடி!"ன்னு ஒரு கத்து கத்தினேன் பாருங்க. அலமாரிக்குள்ள மருந்து பாட்டில் இருந்திச்சு.

சிரிங்க, நீங்களும் சிரிங்க. அவிய ரெண்டு பேரும் அன்னிக்குச் சிரிச்ச சிரிப்பு மஸ்கட்டுக்கும் தூத்துக்குடிக்கும் கேட்டிருக்கும். "மைனி மருந்துக்குப் பயந்துட்டாவ"ன்னு அவ சொல்ல, இவிய கண்ணத் தொடைக்காவ. நான் எந்திரிச்சு அடுக்களைக்குள்ள போயிட்டேன்.

வாகைக்குளம் தாண்டியாச்சா? சரி, இன்னும் நேரம் இருக்கு.

மறுநா அவிய ஆபீஸ் போனதும் நான் அந்த ரிமோட்டைக் கையில எடுத்தேன். அவ அப்படி என்னத்தத்தான் கண்டாள்னு பாக்கத்தான், வேற ஒண்ணுக்கும் இல்ல. இந்தக் கார்டுலயே எனக்குன்னு தனியா ஒரு இடம் ஆரம்பிச்சேன். முதல்ல ஒரு நாலஞ்சு நாள் செவுத்துல முட்டினேன். பொறவு கை வந்திட்டு. அது என்ன பெரிய வித்தை? மஞ்சக்கா பையில எட்டு சாமானுக்கு மேல வைக்க முடியாது. இவிய குண்டும் துப்பாக்கியுமா அடைச்சு வச்சுக்கிட்டு, மருந்தை எடுக்க இடமில்லாம முழிப்பாவ. நான் கொடைக்கானலுக்கு மூணு பேரு துணிய ஒத்தப் பையில வச்சுக் கொண்டு போனவ. எனக்குத் தெரியாதா எதை வைக்கணும், எதை விடணும்னு? குண்டையும் அப்படித்தான், மாசக் கடைசில கேஸ் சிலிண்டரு மாதிரி பாத்துப் பாத்துச் செலவழிச்சேன். சுவத்துல அங்கங்க ஒரு கடிகாரம் இருக்கும். அதுக்குச் சாவி குடுத்தாத்தான் ஆடின வரைக்கும் பதியும். அந்தச் சாவியும் கொஞ்சம்தான் கெடைக்கும். இப்ப உள்ள கேம் எல்லாம் அதுவே பதிஞ்சுக்கிடும், செத்தா அடுத்த அடியில இருந்தே தொடங்கலாம். இதுல அப்படியா? செத்தா ஒரு பகல் வேலை போச்சு. அதான் ஒவ்வொரு கதவுக்கும் யோசிச்சு யோசிச்சுப் போணும்.

பயமா? எனக்கு என்ன பயம்? கை மட்டும் வேர்க்கும். வெக்கை.

அதுல பாருங்க, இவங்க ரெண்டு பேரும் செய்யுத ஒரு முட்டாத்தனத்தக் கண்டுபிடிச்சேன். பங்களாவுல அங்கங்க டைரி, சீட்டு எல்லாம் கெடக்கும். மஞ்சக்கா எடுத்தா எழுத்து வரும். எழுத்து வந்ததும் இவிய டக் டக்குன்னு பட்டனை அமுக்கித் தள்ளிருவாவ. ஏன்னா அந்தக் காலத்துல ஜப்பான் எழுத்து, படிக்கவா முடியும்? மணிக்குக் காசு வேற ஓடிட்டு இருக்கு. அந்தக் கை அப்படியே பழகிப் போச்சு. இப்ப இவிய வாங்கியிருக்க சிடி இங்கிலீஷு. நல்லாப் படிக்கலாம். ஆனாலும் எழுத்தக் கண்டா கை தானா அமுக்குது. நான் பி.காம். அம்புட்டையும் ஒக்காந்து படிச்சேன்.

இவங்க கதைப்படி மஞ்சக்கா தொலைஞ்சு போன தங்கச்சியத் தேடி வந்திருக்கா. அது இவங்களாக் கட்டின கதை. நெசக் கதையில தங்கச்சியே கெடையாது. அவ தேடி வந்தது புருசனை. அந்தக் கோயில்பிச்சை சார் இருக்கான்லா, அவன்தான்க்கா புருசன்! பங்களா சாபத்துல அப்படி ஆயிட்டான். பேச முடியல. பொண்டாட்டிய அடையாளம் தெரிஞ்சுதான் பின்னாலயே காலை இழுத்து இழுத்து வாரான். இவங்க என்னடான்னா இருவத்தஞ்சு வருசமா அவனைக் கண்டு ஓடுதாங்க, இல்லன்னா சுடுதாங்க.

நான் ஓடல. துப்பாக்கியப் பைக்குள்ள வச்சிட்டு, அந்த வராந்தாவுல அப்படியே நின்னேன். அவன் வாரான். சர்ரு… சர்ருன்னு. அந்த நீளக் கைய நீட்டுதான். எனக்கு நெஞ்சு… வெக்கைதான்னு சொன்னேன்லா. கைய நீட்டி ஒரு சாவியக் குடுத்தான்க்கா. கடைசிக் கதவுச் சாவி. குடுத்திட்டு அங்கனயே குத்தவச்சு உக்காந்துட்டான். அட்டைப்பெட்டி மூஞ்சிதான், ஆனா நான் அழுதுட்டேன். மூக்கச் சிந்திக்கிட்டே போய்க் கடிகாரத்துக்குச் சாவி குடுத்துப் பதிஞ்சேன். கடைசிக் கதவு முன்னால மஞ்சக்கா நிக்கா. நான் இன்னும் தொறக்கல. ஏனோ தெரியல, ஒத்தையில தொறக்க மனசு வரல.

நேத்து சாயங்காலம் இவிய அதே வராந்தாவுக்கு வந்தாவ. அவ போன்ல "ஓடுலே, ஓடுலே"ன்னு கத்துதா. என்னால பொறுக்க முடியல. "ஏங்க, ஓடாதீங்க. நில்லுங்க. அவன் ஒண்ணும் செய்ய மாட்டான், அந்த டைரியில போட்டிருக்கு"ன்னு சொன்னேன். அவிய திரும்பிக்கூடப் பாக்கல. "சும்மா இரு கனி, உனக்கு இது தெரியாது. இது எங்க கதை"ன்னாவ.

எங்க கதை.

வேற என்ன சொல்லித் திட்டியிருந்தாலும் பொறுத்திருப்பேன்க்கா. அவளும் இவியளும் சேந்தா 'எங்க'. அப்ப நான் யாரு? சோறு வடிக்கவளா? உள்ள போய்ச் செவுத்தப் பாத்துப் படுத்துட்டேன்.

இன்னிக்குக் காலையில புள்ளய ஸ்கூலுக்கு அனுப்பினேன். இவிய குளிக்கப் போனாவ. கார்டை உருவுவோம்னு போனா, மிஷின்ல பச்ச லைட்டு எரியுது! டிவிய மட்டும் அணைச்சிட்டு மிஷினை விடிய விடிய ஓட விட்டிருக்காவ. அணைக்கத் துப்பில்ல. அந்த எரிச்சல்ல பிளக்கப் பிடுங்கி எறிஞ்சிருப்பேன், என்னமோ விட்டுட்டேன். கார்டை மட்டும் உருவிப் பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

அந்த போனை விடுங்க, அவியதான். பஸ் ஏறினதுல இருந்து அடிக்காவ. கார்டைக் காணோம்னு தேடுதாவ போல. தேடட்டும்.

என்ன கேட்டிய? அவ போன்ல இருக்கப்பவும் நான் அடுக்களைக்குப் போனா நிப்பாட்டுவாவளான்னா? ஆமா, நிப்பாட்டுவாவ. அதுலயும் எனக்குத்தான் கெட்ட பேரு. அவ ஒருநா கேட்டா, "ஏல திரவி, நல்ல நேரத்துல எதுக்குலே நிப்பாட்டுத?"ன்னு. இவிய சொல்லுதாவ, "கனி உள்ள போயிருக்கா, வரட்டும்." பாத்தியளா? என்னாலதான் அவளுக்கு நேரமாகுதுங்கிற மாதிரி. அவ "சரி, மைனி வரட்டும்"னு பெரிய மனசு பண்ணிக் காத்திருக்கா. நான் ரசத்தை மெல்லத்தான் தாளிச்சேன், வேணும்னே.

ஏன் சிரிக்கிய? நான் ஒண்ணும் சிரிக்கச் சொல்லலியே.

இந்தா பாலம் வந்திட்டு. தள்ளுங்க, கையை வெளிய விடுதேன். தண்ணி நல்லாப் போகுதுல்லா. இதுல போட்டா திருச்செந்தூரு பக்கம் கடலுக்கே போயிரும். இருவத்தஞ்சு வருசத்துக் கதை, ஜெனோவாக் கதை, எல்லாம் ஒரே முழுக்கு…

மஞ்சக்காவும் இதுக்குள்ளதான் இருக்கா, என்ன. கதவு முன்னால நிக்கா. கையில சாவி இருக்கு. மருந்துகூட ரெண்டு மிச்சம் வச்சிருக்கேன். அந்தப் பாவி மனுசன் வேற பின்னால குத்தவச்சு உக்காந்திருக்கான். இம்புட்டு தூரம் கூட்டிட்டு வந்து…

சே! பாலம் போச்சு! பாருங்க, நீங்க அதக் கேட்டு இதக் கேட்டுப் பேச்சுக் குடுத்து, நான் பாலத்த விட்டுட்டேன். இனி திரும்பி வாரப்பதான் போடணும்.

திரும்பவும் அடிக்காவ. இருங்க, என்னன்னு கேட்டுத் தொலைக்கேன்.

அலோ. ஆமா, பஸ்ல. எங்கம்மா வீட்டுக்கு. கார்டு எங்கிட்டதான் இருக்கு. ஆத்துல போடத்தான் எடுத்துட்டு வந்தேன்… இல்ல, போடல. பக்கத்துல ஒரு அக்கா விடல.

என்னது?

நேத்தா? அவ போனை வச்ச பொறவா? …நின்னியளா? நெசமாவே நின்னியளா?

அக்கா, இங்க கேளுங்க. நான் கோவிச்சுப் படுத்த பொறவு, "மிச்சம் நாளைக்கு"ன்னு அவகிட்டச் சொல்லி போனை வச்சிட்டு, அந்த வராந்தாவுல நின்னாவளாம். கண்ண மூடிக்கிட்டு நின்னாவளாம், பயந்தாங்குளி. அவன் சாவி குடுத்திட்டானாம். "நீ சொன்னது சரிதான் கனி"ங்காவ. பதியக்கூட இல்லையாம். நான் முழிச்சு எந்திரிச்சதும் காட்டணும்னு அப்படியே நிப்பாட்டி வச்சிருந்தாவளாம். அதான்க்கா, அந்தப் பச்ச லைட்டு.

அலோ, இருக்கேன், சொல்லுங்க. …ஆமால்ல, இன்னிக்கு நம்ம தெருவுல கரண்ட் கட்டு. பேப்பர்ல போட்டிருந்தாவ. கரண்ட் போனா ஒங்க ஆட்டம் போயிரும், கார்டும் இல்ல, பதியவும் முடியாது… அழாதீங்க. அழுதியளா இல்லையா? குரலு ஏன் அப்படி இருக்கு? போனாப் போகட்டுங்க. எங்கிட்ட இருக்கு. அதே கதவு, அதே சாவி, என் பைக்குள்ள மஞ்சக்கா நிக்கா. ஒங்களுக்கு முன்னாலயே நான் அங்க வந்து நிக்கேன்.

எப்படியா? நீங்க ஆபீஸ் போன பொறவு வெங்காயம் உரிச்சிட்டு இருந்தேன்னா நெனச்சிய?

கண்டக்டரே! அடுத்த ஸ்டாப்புல என்னை எறக்கி விட்டிருங்க. ஆமா, டிக்கெட்டு திருநவேலிக்குத்தான் எடுத்தேன், இப்ப இங்க எறங்குதேன், ஒங்களுக்கு என்ன வந்திச்சு?

அக்கா, இந்தாங்க முருங்கைக்காய், பிடிங்க. ஒடியல. சன்னல் பக்கம் நீங்களே வாங்க.

அலோ, வச்சிராதீய. ஆபீஸுக்கு லீவு சொல்லுங்க. சாயங்காலம் வேண்டாம், கரண்ட் வந்ததும் தொறப்போம். அவகிட்ட சொல்லிட்டியளா? சொல்லலல்லா? பொறவு நானே சொல்லிக்கிடுதேன்.

இன்னொரு விசயம். இப்ப அந்த முக்காலில என்ன இருக்கு? …போன் ஸ்டாண்டா? அதை எடுங்க. எடுத்துக் கீழ வைங்க. …மேசையில இல்ல, கீழ, தரையில.

எடுத்தாச்சா? சரி, வாரேன்.